காலண்டருக்குப் பின்னால் இருந்த உடம்பு

எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் புது ஓடு போட்டு, புது வர்ணம் அடித்து, திறப்பு விழா வைக்கப் போகிறார்கள். விழாவுக்கு ஒரு மலர். மலருக்கு ஒரு கமிட்டி. கமிட்டியிலிருந்து இரண்டு பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"நர்சம்மா, டொக்டர் ஐயாவோட இத்தன வருசம் ஒண்ணா வேல செஞ்சவங்க நீங்கதான். ஐயாவப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. ஒங்க போட்டோ ஒண்ணும் வேணும். கட்டுரைக்கு மேல போடுவோம்" என்றார்கள்.

"எந்த டொக்டர்?" என்று கேட்டேன்.

கிண்டலுக்குக் கேட்கவில்லை. அந்த மனிதர் டொக்டரே இல்லை. தோட்டத்து டிஸ்பென்சர். மருந்து கலக்கிக் கொடுக்கவும், காயத்துக்குக் கட்டுப் போடவும், யாருக்கு நோய், யாருக்குச் சோம்பல் என்று பிரித்துச் சொல்லவும் தோட்டம் வைத்திருந்த உத்தியோகம். லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் மரியாதைக்கு டொக்டர் ஐயா என்று கூப்பிட்டார்கள். அவர் அதை நம்பிவிட்டார். நம்பியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

வந்த இரண்டு பேரும் ஒரு பழைய கண்ணாடிச் சட்டத்தையும் கொண்டு வந்திருந்தார்கள். உள்ளே ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு கடிதம். "ஹர்த்தால் காலத்துல கூட லொறி புடிச்சு பஞ்சவர்ணத்தோட உசிர ஐயா காப்பாத்தினாருல்ல? இத ஐயாவோட படத்துக்குக் கீழ மாட்டப் போறோம். அந்தக் கதைய விரிவா எழுதுங்க" என்றார்கள்.

விரிவாகத்தானே? எழுதிவிட்டால் போச்சு. நல்ல போட்டோவாக ஒன்றை எடுத்து உறையில் வைத்து, உறையை ஒட்டாமல் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நான் மருத்துவிச்சிப் பயிற்சிக்குப் போனது எழுபத்திரண்டில். பாடம் முழுக்கச் சிங்களத்தில். எங்கள் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் மூன்றே பேர். மூலையில் ஓர் எலும்புக்கூடு தொங்கும். அதன் பெயர்களைச் சிங்களத்தில் மனப்பாடம் செய்து, தமிழில் விளங்கிக்கொண்டு, மறுபடி சிங்களத்தில் ஒப்பிக்க வேண்டும். எங்களுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லித் தந்த சிஸ்டர் ஒரு கண்டிப்பான பொம்பளை. படத்தைக் காட்டிப் பாடம் நடத்துவதே அவருக்குப் பிடிக்காது. "உன்னுடைய ஈரல் எங்கே? கையை வை" என்பார். தன் உடம்பிலேயே தொட்டுக் காட்ட வேண்டும். ஒருத்தி இடப்பக்கம் கையை வைத்துவிட்டாள். மணி அடிக்கும் வரை வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தபடி அவளை நிற்க வைத்தார். இன்றைக்கும் ஈரல் என்ற சொல் காதில் விழுந்தால் என் வலது கை அங்கே போய்விடும்.

இன்னொரு நாள் கேட்டார்: "கர்ப்பிணியின் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் எங்கே வலிக்கும்?" வயிற்றில் என்று எல்லாரும் கத்தினோம். சிஸ்டர் சோக்கட்டியால் தன் தோள்பட்டையின் நுனியில் ஒரு கோடு கீறினார். வெள்ளை உடுப்பில் வெள்ளைக் கோடு, தெரியக்கூட இல்லை. "இங்கேயும் வலிக்கும்" என்றார்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் தட்டி அடித்த மாதிரி ஒரு தசை இருக்கிறது. உதரவிதானம் என்பார்கள். மூச்சு இழுக்கும்போது கீழே இறங்கும், விடும்போது மேலே ஏறும். அதற்கான நரம்பு பக்கத்திலிருந்து வருவதில்லை, கழுத்திலிருந்து இறங்கி வருகிறது. தோளின் நரம்பும் அதே கழுத்திலிருந்துதான். வயிற்றில் ரத்தம் கொட்டி மேலே ஏறி அந்தத் தசையைத் தொட்டால், சேதி கழுத்து வழியாக மூளைக்குப் போகும். இரண்டு டிவிஷன் தபாலும் ஒரே பையில் வந்தால் ஆபீசில் குழம்புவார்களே, அப்படி மூளையும் குழம்பி, தோள்தான் வலிக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். தோளில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் ஆளின் உயிர் போய்க்கொண்டிருக்கும். பதினெட்டு மாதத்தில் படித்ததில் எனக்கு மறக்காமல் நின்றது அந்தச் சோக்கட்டிக் கோடு. பயிற்சிக் கதை இவ்வளவு போதும்.

எழுபத்து நான்கில் எல்கடுவைப் பக்கம் இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். லயத்தில் ரொட்டிக்கு மாவு கிடைக்காத வருசம். டிஸ்பென்சர் ஐயாவை முதல் முதலாக அப்போதுதான் பார்த்தேன். வெள்ளைக் காற்சட்டை, டை, டையில் ஒரு ஊசி. மழை கொட்டினாலும் அந்த ஊசி இல்லாமல் வெளியே வரமாட்டார். ஊசி போடுவதில் அவருக்கு இருந்த அக்கறை டை ஊசியோடு சரி.

காலை ஏழு மணிக்குக் கதவின் கீழ்ப்பாதியைச் சாத்தி, மேல்பாதியைத் திறப்பார். அதற்குப் பின்னால் நாற்காலி. வெளியே வரிசையில் நோயாளிகள், ஆளுக்கொரு வெறும் போத்தலோடு. சாராயப் போத்தல், சர்பத் போத்தல், எது கிடைத்ததோ அது. ஐயா முதலில் போத்தலைத்தான் வாங்கிப் பார்ப்பார். மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அந்தப் போத்தலுக்குக் கிடைத்த பரிசோதனையில் பாதி அதைக் கொண்டு வந்த ஆளுக்குக் கிடைத்திருந்தால், எங்கள் மலையில் எத்தனையோ பேர் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பார்கள்.

போத்தலைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு சொல் கேட்பார். "எங்க?"

நோயாளி கையால் காட்ட வேண்டும். வயிறா, வெள்ளை மிக்சர். நெஞ்சா, சிவப்பு மிக்சர். தலையா, இரண்டு மாத்திரை. கையா, காலா, தோளா, முதுகா, தைலம். எப்போதிலிருந்து, எப்படி வலிக்கிறது, படுத்தால் கூடுதா குறையுதா, ஒன்றும் கிடையாது. தொட்டுப் பார்ப்பது அறவே கிடையாது. "ஆ, அடுத்தது!" என்று மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார்.

தோள் வலி என்று வந்தால் "கூட இழுத்திருக்கும்" என்று சொல்லித் தைலம் ஊற்றுவார். அதில் பத்துக்கு ஒன்பது சரியாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். கயிற்றைத் தலையில் மாட்டி, ஈரக் கொழுந்துக் கூடையை முதுகில் தொங்கவிட்டு, நாளெல்லாம் செங்குத்தில் ஏறி இறங்கும் பொம்பளைக்குத் தோள் வலிக்காமல் என்ன செய்யும்? தோட்டத்தில் தோள் வலி ஒரு நோயே இல்லை.

டிஸ்பென்சரிச் சுவரில் ஒரு படம் தொங்கியது. மருந்துக் கம்பனி கொடுத்தது. ஆள் உயரத்தில் ஒரு பொம்பளையின் உடம்பு, தோலை உரித்து உள்ளே இருப்பதெல்லாம் கலர் கலராக. அருமையான படம். ஆனால் இடுப்பிலிருந்து தொடை வரை ஒரு காலண்டர். மாத்தளை டவுன் புடவைக்கடைக் காலண்டரைப் படத்தின் மேலேயே ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார். வருசம் பிறந்தால் காலண்டர் மாறும். ஆணி மாறாது.

"இத ஏங்கையா மறைச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பொம்பளைங்க வந்து போற எடம், நர்ஸ். அசிங்கமா இருக்கக்கூடாது" என்றார்.

வந்து போகிற பொம்பளை எல்லாரும் அந்த அசிங்கத்தைத் தங்கள் உடம்புக்குள்ளே வைத்துக்கொண்டுதான் வந்து போனார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அது போகட்டும், மறைக்காத பாதியையாவது படித்தாரா? சாராயம் கூடிப்போன மறுநாள் காலையில் இடது விலாவைத் தடவிக்கொண்டு "ஈரல் கொஞ்சம் வீங்கியிருக்கு" என்பார். படத்தில் ஈரல் நமக்கு இடது கைப் பக்கம் இருக்கிறதாம், அதனால் தனக்கும் இடது பக்கம்! படத்தில் இருப்பவள் நம்மைப் பார்த்து நிற்கிறாள் என்ற சங்கதியே அந்த மண்டையில் ஏறவில்லை. பாவம், அவர் தடவியது மண்ணீரலை.

எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் கீழ் லயத்துக்குத் தீ வைத்தபோது நாங்கள் பச்சைக் குழந்தைகளோடு தேயிலைக்குள் ஒளிந்து கிடந்தோம். ஐயா முதல் நாளே யாரிடமும் சொல்லாமல் கண்டிக்குப் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தால் டிஸ்பென்சரிக் கண்ணாடிகள் உடைந்து, போத்தல்கள் நொறுங்கிக் கிடந்தன. படம் மட்டும் அப்படியே இருந்தது. காலண்டர் கீழே விழுந்திருந்தது. ஐயா முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? ஆணி தேடினார்.

அதற்குப் பிறகு சில வருசம் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேசன் மும்முரமாக நடந்தது. மாதத்துக்கு ஒருமுறை லொறியில் பொம்பளைகளை ஏற்றிக் கேம்ப்புக்குக் கொண்டு போவார்கள். ஐயா முன் சீட்டில் பேர்ப் பட்டியலோடு உட்கார்ந்து போவார். எந்தத் தோட்டத்தில் கூட ஆள் பிடித்தார்கள் என்பதில் டிஸ்பென்சர்மாருக்குள் ஒரு போட்டி. லயம் லயமாக ஏறிப் பேச வேண்டிய வேலை என்னுடையது. நானும் பேசினேன். "கொழாய முடிஞ்சு விட்டா போதும். இனிமே ஒனக்கு அந்தக் கவலையே இல்ல" என்று எத்தனையோ பேருக்கு என் வாயால் சொன்னேன்.

பஞ்சவர்ணம் அப்படிப் போனவள். மேல் கணக்கு டிவிஷனில் கொழுந்து எடுப்பவள். நாலு பிள்ளைகள். நாலையும் நான்தான் எடுத்தேன். வாய்த்துடுக்கானவள். பிரசவ வலியிலும் புருசனைப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டு கிடப்பாள். நான் சொன்னதைக் கேட்டு லொறி ஏறிப் போய் ஆபரேசன் செய்துகொண்டு வந்தாள்.

இனிக் கடிதத்தின் கதைக்கு வருகிறேன்.

எண்பத்தொன்பது. சிங்கள வாலிபர்களின் கிளர்ச்சி, ஊரெல்லாம் ஹர்த்தால். யார் ஒட்டுகிறார்கள் என்று தெரியாமல் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள்: கடை திறக்காதே, வண்டி ஓட்டாதே. மீறினவன் கடையும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டான். ரோட்டோரம் எதைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரி போகப் பழகியிருந்த வருசம் அது.

சம்பவத்துக்குப் பத்து நாளைக்கு முன்னால் பஞ்சவர்ணம் என் கிளினிக்குக்கு வந்திருந்தாள். இந்த மாதம் தலைக்குக் குளிக்கவில்லை, தள்ளிப் போகிறது என்றாள். ஆபரேசன் செய்தவள். உடம்பில் ரத்தம் குறைவு, சாப்பாடும் குறைவு, தள்ளிப் போகத்தான் செய்யும். சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். அன்று எனக்குக் கையில் நிறைய வேலை. அதில் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

சம்பவ நாளில் காலை ஏழு மணி வரிசையில் போத்தலோடு அவள் நின்றிருக்கிறாள். ஐயா "எங்க?" என்று கேட்டிருக்கிறார். அவள் வலது தோளைக் காட்டியிருக்கிறாள். கூடை இழுத்திருக்கும், தைலம், ஆ, அடுத்தது. வேலைக்குப் போகாமல் இருக்கத் துண்டு கேட்டதற்கு, தோள் வலிக்கெல்லாம் துண்டு கிடையாது என்று சொல்லியிருக்கிறார். அவள் தைலத்தை மடியில் செருகிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

பதினொரு மணி இருக்கும். நான் என் கிளினிக்கில் பிள்ளைகளைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தேன். நாலு பொம்பளைகள் கம்பளியில் போட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தேயிலை நிறையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாளாம்.

கட்டிலில் கிடத்தினேன். கிடத்திய உடனே கத்தினாள். "படுக்கப் போடாதீங்க நர்சம்மா! தோளு கழண்டு விழுது! ஒக்கார வைங்க!" தூக்கி உட்கார வைத்தேன். கொஞ்சம் அடங்கியது. ஆனால் தலை நிற்கவில்லை, கிறுகிறு என்று சாய்ந்தாள். கூடை இழுத்த தோள், படுத்தால் சுகப்படும். படுத்தால் கத்தவைக்கிற தோள் எது?

அந்தத் தோளைப் பிடித்து அமுக்கினேன். சதை, மூட்டு, காறை எலும்பு, ஒவ்வொன்றாக. எங்கே அமுக்கினாலும் அவள் முகம் மாறவில்லை. கையை முன்னுக்கு, பின்னுக்கு, தலைக்கு மேலே தூக்கினேன். சும்மா இலேசாகப் போய் வந்தது. வலி அங்கே இருந்தது, நோய் அங்கே இல்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைக் காகிதம். நாடி விரலுக்குக் கீழே நூல் மாதிரி ஓடியது, எண்ண முடியவில்லை. நெற்றியில் குளிர்ந்த வியர்வை. அடிவயிற்றில் கை வைத்தேன், வைத்த கையைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். வயிறு பலகையாகியிருந்தது.

"கடைசியா எப்ப தலைக்குக் குளிச்ச?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அதான் அன்னக்கே சொன்னேனே" என்றாள்.

கருக்குழாயில் பிள்ளை தங்கி, குழாய் வெடித்திருக்கிறது. முடிந்து விட்ட குழாயிலும் அபூர்வமாக வழி திறந்துகொள்ளும், கரு கர்ப்பப்பைக்கு வந்து சேராமல் நடுவழியில் நின்றுவிடும் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றைத் திறந்து குழாயைக் கட்டினால் பிழைப்பாள். இல்லாவிட்டால் பொழுது சாய முன்னே நாலு பிள்ளைகளும் தாயில்லாத பிள்ளைகள்.

டிஸ்பென்சரி அரைக்கதவுக்கு ஓடினேன். ஐயா கணக்குப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, பஞ்சவர்ணத்துக்கு வயித்துக்குள்ள ரத்தம் கொட்டுது. லொறிக்குத் துண்டு எழுதுங்க."

"அவளுக்குத் தோள் வலி. காலையிலதான் தைலம் குடுத்தேன்."

"தோள்ல ஒண்ணுமில்லைங்கையா. கரு கொழாயில தங்கி வெடிச்சிருக்கு."

அவர் சிரித்தார். "நர்ஸ், அவ ஆபரேசன் பண்ணுனவ. நானே கூட்டிக்கிட்டுப் போனேன். பதிவு இருக்கு, பாக்குறீங்களா?"

பதிவு இருக்கிறதாம்! பதிவில் இருப்பது வயிற்றில் இருக்க வேண்டும். வயிற்றில் இருப்பது பதிவில் இல்லையென்றால் அது பொய்.

எனக்குப் பொறுக்கவில்லை. அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், சுவரில் தொங்கிய காலண்டரைப் பிடித்து இழுத்தேன். ஆணியோடு வந்துவிட்டது. இத்தனை வருசம் வெயில் படாத இடம், மற்றதெல்லாம் மங்கிப்போயிருக்க, அங்கே மட்டும் வர்ணம் புதுசாக இருந்தது. கர்ப்பப்பை, இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி இரண்டு குழாய். "இங்க பாருங்க. இதுதான் கொழாய். இவ்வளவுதான் தடிப்பு. இதுக்குள்ள புள்ள வளந்தா என்ன ஆகும்? இங்க வெடிச்சு, ரத்தம் இப்பிடி மேல ஏறி, இந்தத் தசையத் தொட்டா, தோள்ல வலிக்கும்" என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினேன்.

ஐயா படத்தைப் பார்க்கவே இல்லை. தரையில் கிடந்ததைப் பார்த்தார். "காலண்டர ஏன் கிழிச்சீங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அன்றைக்கு எனக்கு நேரம் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

தோட்டத்துச் சட்டம் இது: நோயாளியை ஏற்ற லொறி வேண்டுமென்றால் டிஸ்பென்சரின் கையெழுத்து வேண்டும். ஒரே ஒரு விலக்கு, பிரசவம். பிரசவக் கேசுக்கு மருத்துவிச்சியின் துண்டு போதும். நான் என் புத்தகத்தை எடுத்தேன். பஞ்சவர்ணம், ஐந்தாவது பிரசவம், குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் உத்தியோகத்தில் எழுதிய ஒரே பொய்த் துண்டு அதுதான். அதில் பேரையும் 'உடனடி'யையும் தவிர ஒன்றும் நிஜமில்லை.

ஆபீசில் பெரிய கிளாக்கர் துண்டை இரண்டு தரம் வாசித்தார். "இவ ஆபரேசன் பண்ணுனவளாச்சே, நர்சம்மா?"

"துண்டுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஒங்க வேல அதுதான்."

லொறிச் சாவியைக் கொடுத்தார். வேலை என்று சொன்னதும் பயந்துவிடுகிற சாதி அது.

லொறி ஓட்டியவர் காசிம் நானா, மாத்தளை டவுன்காரர். நோட்டீஸ் ஒட்டியிருந்த நாள் என்பதால் லொறியைப் பட்டறைக்குள் விட்டுவிட்டு வெளியே பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னக்கி வண்டி எறக்கினா கொளுத்திப்போடுவானுவ, தங்கச்சி."

"எறக்கலன்னா இவ இங்கயே முடிஞ்சிருவா, நானா."

அவர் கம்பளிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்தார். "யா அல்லாஹ்" என்று பீடியை வீசிவிட்டு, "ஏத்துங்க" என்றார். அந்த மலரில் ஒரு ஆம்பளைக்குப் படம் போட வேண்டுமென்றால் இவருக்குப் போடுங்கள். ஆனால் இவருடைய படம் உங்களிடம் இருக்காது, எனக்குத் தெரியும்.

பின்னால் சாக்கை விரித்து, அவள் தலையை என் மடியில் உயர்த்தி வைத்துக்கொண்டேன். அவள் புருசனும் ஓடி வந்து ஏறிக்கொண்டான். வளைவுக்கு வளைவு அவள் உதடு வெளுத்துக்கொண்டே போனது. பாதி வழியில் ரோட்டுக்குக் குறுக்கே மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். லேஞ்சிக் கைக்குட்டையால் முகத்தைக் கட்டிய நாலைந்து வாலிபர்கள். ஒருவன் ஏறிப் பின்னால் வந்தான். பிரசவக் கேஸ் என்று சிங்களத்தில் சொன்னேன்.

"வயிறு எங்கே?" என்று கேட்டான். அது நியாயமான கேள்விதான்.

இனிப் பொய் சொல்லிப் பயனில்லை. அவளுடைய கீழ் இமையை இழுத்துக் காட்டினேன். "ரத்தம் உள்ளுக்குள் போகிறது" என்றேன். அவன் அந்த வெள்ளையையும் அவள் நகங்களையும் பார்த்தான். இறங்கிப் போய் மரத்தை இழுக்கச் சொன்னான். முகம் தெரியாத ஒரு வாலிபனுக்கு அரை நிமிடத்தில் விளங்கியது, டை ஊசி குத்தி அத்தனை வருசம் உட்கார்ந்திருந்த மனிதருக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நேராகத் தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். ரத்தம் போதவில்லை. அவள் புருசனின் ரத்தம் சேரவில்லை, காசிம் நானாவின் ரத்தம் சேர்ந்தது. ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்த டொக்டர், நிஜ டொக்டர், "வயிறு நிறைய ரத்தம். இன்னும் அரை மணி நேரம் சுணங்கியிருந்தால் முடிந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து அழுதேன். பொழைத்துவிட்டாள், பொழைத்துவிட்டாள் என்று காசிம் நானாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. தக்க நேரத்தில் அனுப்பி வைத்ததற்குப் பாராட்டு. தோட்டத்திலிருந்து யார் அனுப்பியிருப்பார்கள்? டிஸ்பென்சர்தானே. அவர் பேருக்கே வந்தது. அவர் அதை வாசித்தார், மடித்தார், டவுனுக்குப் போய்ச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தார். எனக்குக் காட்டக்கூட வெட்கப்படவில்லை. எங்கே மாட்டினார் தெரியுமா? படத்தின் மேலே, காலண்டர் இருந்த அதே இடத்தில்.

கமிட்டிக்காரர்களே, நீங்கள் கொண்டு வந்து காட்டிய சட்டம் அதுதான்.

இவ்வளவும் எழுதி முடித்தபோது எனக்கு ஒரு திருப்தி. இருபது வருசம் தொண்டையில் நின்றது இறங்கிய மாதிரி. ஆனால் என் வார்த்தையை மட்டும் நம்புவீர்களா? பஞ்சவர்ணமே வந்து சொல்லிவிட்டால் பேச்சே இல்லை. அவள் இன்னும் அதே லயத்தில் இருக்கிறாள், கடைசி மகனோடு. முந்தாநாள் இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு ஏறிப் போனேன். வாசலில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டாள். போத்தலை மோந்து பார்க்கிற இடத்தில் சிரித்தாள்.

"எல்லாம் சரிதான் நர்சம்மா. துண்டு, லொறி, மரம், எல்லாம் நீங்கதான். நீங்க இல்லாட்டி நான் இல்ல. அதுக்குத் தெனம் ஒங்களக் கும்புட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப கமிட்டிக்காரங்ககிட்ட வந்து சொல்லு. அந்த மனுசன் தைலம் ஊத்தினதத் தவிர ஒண்ணும் செய்யலன்னு சொல்லு."

அவள் வெற்றிலை எச்சிலைத் துப்பினாள்.

"தைலம் ஊத்தினாரு. தப்பான மருந்துதான். ஆனா வலிக்குதுன்னு சொன்னதுக்கு மருந்து ஊத்தினாரு. நீங்க சிரிச்சீங்க நர்சம்மா."

"நான் எப்ப சிரிச்சேன்?"

"அதுக்குப் பத்து நாளைக்கு முந்தி. தலைக்குக் குளிக்கலன்னு வந்து சொன்னேன்ல. 'முடிஞ்சு விட்ட வயித்துக்குள்ள எந்தக் கள்ளன் வந்து குந்தியிருக்கான்'னு கேட்டீங்க. வரிசையில நின்ன அத்தன பொம்பளைங்களும் சிரிச்சாளுங்க. நீங்களும் சிரிச்சீங்க. நான் எந்திரிச்சு வந்துட்டேன்." வெற்றிலையை மறுபக்கம் ஒதுக்கினாள். "அன்னக்கிக் காலையில எனக்கு வயிறுதான் மொதல்ல வலிச்சிச்சு. வயிறுன்னு சொன்னா மறுபடி சிரிப்பாங்கன்னு வெக்கம். அதான் ஐயா 'எங்க'ன்னு கேட்டப்ப தோள மட்டும் காட்டினேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். குடிக்காமல் வந்தால் வருத்தப்படுவாள் என்று குடித்துவிட்டு வந்தேன். சிரித்தது எனக்கு ஞாபகமே இல்லை. இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை, ஆனால் அந்தப் பேச்சு என் பேச்சுத்தான். அப்படித்தான் நான் பேசுவேன்.

"அதில் சொல்ல வேறு ஒன்றுமில்லை" என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த வரியை நான் அடிக்கவில்லை. நீங்களும் அடிக்காமல் அச்சுக்குக் கொடுங்கள்.

ஐயாவின் படத்தை மாட்டுவதானால் மாட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பழைய உடம்புப் படம் ஸ்டோரில் எங்காவது சுருட்டிக் கிடந்தால் அதையும் எடுத்து மாட்டுங்கள், மேலே ஒன்றும் தொங்கவிடாமல். என் போட்டோவை மட்டும் உறையிலிருந்து எடுத்துவிட்டேன்.